அராவிய சில்லு

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துச் சந்திரலேகா உதட்டருகே கொண்டுபோனபோது குழந்தைவேலு வாயை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "அந்தக் கேமராவ எடு. ஜமால் வந்தா குடுத்துரு" என்றார்.

"மொதல்ல தண்ணியக் குடிங்க."

"குடிக்கிறேன். நீ எடு."

டம்ளரைக் கட்டிலுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு அவள் எழுந்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் கேமரா என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இப்போது அவராக எடுத்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மதுரையில் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் குடியிருந்த செக்காலைப் பகுதியில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். மகன் சிவபிரகாஷ் கோயம்புத்தூரில் பஸ் ஏறிவிட்டான். குழந்தைவேலுவின் தங்கை விசாலம் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். காய்ச்சிய கஞ்சியை யார் குடிக்கப்போகிறார்கள் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

பீரோவின் மேல்தட்டில், பட்டுச் சேலைகளுக்குப் பின்னால் தோல் பை இருந்தது. அதற்கும் அடியில் ஒரு பழுப்புக் கவர். சந்திரலேகா பையை மட்டும் எடுத்துக்கொண்டு கவரைத் தொடாமல் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கேமராவைக் கொண்டுவந்தவர் ஜமால் முகம்மதுதான். குவைத்தில் இருந்த காலத்தில் ஒருமுறை ஊருக்கு வரும்போது ஒரே மாதிரி இரண்டு வாங்கிவந்து, ஒன்றைச் சிநேகிதனுக்குக் கொடுத்தார். எல்லாவற்றையும் கையால் செய்யவேண்டிய ஃபிலிம் கேமரா. குழந்தைவேலு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீசியன். கையால் செய்யவேண்டியது எதுவானாலும் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். ஜமால் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கண்மாய்க் கரைக்குப் போய் நாரையும் கொக்கும் எடுப்பார்கள். திரும்பி வந்து ஹாலில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சண்டை எல்லாம் ஒரு சில்லைப் பற்றி.

கேமராவுக்குள், கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்குக் கீழே, பெரிய தபால் தலை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சில்லு உண்டு. எதிரே இருப்பது அதில்தான் வந்து விழும். தெளிவாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து லென்ஸின் வளையத்தைத் திருப்ப வேண்டும். ஆண்கள் இரண்டு பேரும் அதை ஸ்கிரீன் என்றார்கள். சந்திரலேகாவுக்கு அது சில்லுதான். அதில் பல ரகம். ஒன்றில் நடுவே சின்ன வட்டம் இரண்டாக வெட்டுப்பட்டிருக்கும். பார்க்கிற முகம் அதில் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமுமாக விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் சேர்த்துவிட்டால் படம் சுத்தமாக விழும். இன்னொன்றில் நடுவே ரவை தூவினாற்போல இருக்கும். மூன்றாவதில் ஒன்றுமே கிடையாது. வெறும் சில்லு. தெளிவா மங்கலா என்று கண்தான் சொல்ல வேண்டும்.

ஜமாலுக்கு வட்டம்தான். "வட்டம் பொய் சொல்லாது மாப்ள" என்பார்.

"நெட்ட லென்ஸ மாட்டுனா பாதி வட்டம் கருத்துப் போகுதே, அப்ப அது என்னத்தச் சொல்லும் மச்சான்? கொக்கு பறந்து போயிரும், ஒன் வட்டம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்" என்பார் குழந்தைவேலு.

"எனக்குக் கல்யாணச் சேல எடுக்க இதுல கால்வாசி யோசிச்சிருப்பீகளா?" என்று காப்பியை வைத்துவிட்டுப் போவாள் சந்திரலேகா.

ஒருவழியாக அவர் வெறும் சில்லு என்று முடிவு செய்தபோது, அவருடைய கேமராவுக்கென்று ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. வேறு கம்பெனிக் கேமராவுக்கு உள்ளதை நெட்டில் தருவித்தார். அது கொஞ்சம் பெரிது. அந்தச் சமயம் பார்த்து அவருடைய வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. "படம் புடிக்கிற கண்ணு, கத்தி வைக்க விடமாட்டேன்" என்று ஒரு வருடம் இழுத்தடித்தவரைச் சந்திரலேகாதான் விடவில்லை. மகனை ஃபோனில் பேசவைத்தாள், சோறு வேண்டாம் என்று படுத்தாள், கடைசியில் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து கூட்டிவந்தாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் அவர் அந்தச் சில்லின் நாலு ஓரத்தையும் அரத்தால் அராவி, உப்புத்தாளில் தேய்த்து, கேமராவுக்குள் பொருத்தினார்.

அதன் பிறகு எடுத்ததுதான் ஜமாலின் மகள் பர்வீன் பானுவின் நிக்காஹ். கழுவி வந்த படங்களில் ஒரு முகமாவது தெளிவாக இல்லை. குழந்தைவேலு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார், கவரில் போட்டார். "ஃபிலிமுல வெளிச்சம் பட்டு வீணாப் போச்சு மச்சான்" என்று ஜமாலிடம் ஒரு பொய் சொன்னார். பாதி எடுத்த இரண்டாவது ஃபிலிம் உள்ளேயே கிடக்க, கேமரா பீரோவுக்குள் போனது.

விசாலம்தான் வாய்விட்டுச் சொன்னவள். "நல்லா இருந்த கண்ணு. வேலில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டீக மதினி" என்றாள். அது சந்திரலேகாவின் நெஞ்சில் போய்த் தங்கிவிட்டது. கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவரும் பேப்பரை வரி விடாமல் படித்தார். ஆனால் டாக்டர் மனம் நோகாமல் இருக்க எதுவும் சொல்லலாம், படம் அப்படிச் சொல்லுமா? பேப்பர் படிக்கிற கண் வேறு, படம் பிடிக்கிற கண் வேறு என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணைத்தான் தான் பிடுங்கிவிட்டதாக நினைத்தாள். அவர் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். பேசாமல் இருக்கிற மனுசனை என்ன செய்வது?

ஜமால் முகம்மது வெயில் ஏறும் முன்பே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே கட்டிலைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு வழக்கமான குரலை வரவழைத்துக்கொண்டு, "என்ன மாப்ள, படுத்தே கெடக்க" என்றார்.

குழந்தைவேலு ஸ்டூலில் இருந்த தோல் பையைக் கண்ணால் காட்டினார். "ஒனக்குத்தான்."

"எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே. நீயே வச்சுக்க."

"எனக்குக் கண்ணு போச்சு மச்சான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். மழை நின்றுவிட்டது என்பதைப் போல. சந்திரலேகா கேட்டுக்கொண்டு நின்றாள். அப்படியானால் அவர் மனதிலும் அதுதான் இருந்திருக்கிறது. இன்றோ நாளையோ போகப்போகிறவர் அதைச் சுமந்துகொண்டு போகப்போகிறார். அவள் இருக்கும்வரை இங்கே சுமக்க வேண்டும்.

அவள் நேராகப் பீரோவுக்குப் போனாள். பழுப்புக் கவரை எடுத்துவந்து ஜமாலின் மடியில் போட்டாள்.

"லேகா" என்றார் குழந்தைவேலு. அவ்வளவு சத்தம் அவரிடம் மிச்சம் இருந்தது ஆச்சரியம்.

"சும்மா இருங்க. அண்ணே, இது நம்ம பர்வீன் கல்யாணப் படம். வெளிச்சமும் படல ஒண்ணும் படல. எல்லாம் மங்கிப் போச்சு. ஒங்ககிட்டச் சொல்ல இவுகளுக்கு வெக்கம். நாந்தான் ஆப்ரேசன் பண்ண வச்சு கண்ணக் கெடுத்துட்டேன். இதுதான் நடந்தது."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. விசாலம் காதைத் தீட்டிக்கொண்டாள் என்று அர்த்தம்.

ஜமால் படங்களைப் பார்த்தார். முதலில் மகளின் முகத்தைத் தேடினார், ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு படத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அடுத்ததைப் பார்த்தார். முதல் படத்துக்குத் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, இங்க பாரு. பர்வீன் மொகம் கலங்கலா இருக்கு. அவளுக்கு முன்னாடி தட்டுல இருக்க பேரீச்சம்பழம் எப்பிடி இருக்கு?"

சந்திரலேகா பார்த்தாள். பழத்தின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"இதுல கல்யாண மாப்பிள கலங்கலு. முன்னாடி நிக்கிற புள்ளயோட தொப்பியில தையல் தெரியுது. இதுலயும் அதேதான். எல்லாத்துலயும் ஆள விட்டுட்டு ஆளுக்கு முன்னாடி உள்ளதுலயே விழுந்திருக்கு. கண்ணு கெட்டுருந்தா அங்கிட்டும் விழும், இங்கிட்டும் விழும். இப்பிடிச் சொல்லி வச்ச மாதிரி விழாது மாப்ள."

குழந்தைவேலு தலையைத் திருப்பினார்.

ஜமால் பையைத் திறந்து கேமராவை எடுத்தார். சன்னலுக்குப் போய்த் தூரத்துத் தண்ணீர் டேங்கைக் குறிவைத்து வளையத்தைத் திருப்பினார். கண்ணை எடுத்து வளையத்தைப் பார்த்தார். இன்னொருமுறை வைத்துப் பார்த்தார். "அம்புட்டு தூரத்துல டேங்கு இருக்கு. வளையம் கடைசியில போயி, ரொம்பத் தூரத்துக்குன்னு படுத்த எட்டு போட்டுருக்குல்ல, அதுல நிக்கணும். இது ஆள் நிக்கிற தூரத்துலயே நின்னுக்கிருச்சு. உள்ள என்ன பண்ணுன?"

"சில்ல மாத்துனேன். அராவி."

"அராவியா?"

லென்ஸைக் கழற்றி, பையில் இருந்த இடுக்கியால் உள்ளே ஒரு கம்பியை நெம்பினார் ஜமால். சில்லு விழுந்தது. ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். ஒரு பக்கம் பளபளத்தது. மறுபக்கம் அரைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஜமாலின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் சந்திரலேகா நினைத்தாள்.

"தலகீழா மாட்டிருக்கடா மாப்ள! சொரசொரப்பு கீழ பாக்கணும். நீ மேல பாக்க வச்சிருக்க. அதான் ஒனக்கு ஆளு தெளிவாத் தெரிய, ஃபிலிமுல ஆளுக்கு முன்னாடி உள்ளது தெளிவா விழுந்திருக்கு. எது மேப்பக்கம்னு சொல்றதுக்கு ஓரத்துல ஒரு மூக்கு வச்சிருப்பான் கம்பெனிக்காரன். நீ அந்த மூக்கையும் சேத்து அராவிட்ட!"

குழந்தைவேலு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு போதாத சிரிப்பு. பாதியில் இருமலாகி, இருமல் முடிந்து மறுபடி சிரிப்பாகியது. சந்திரலேகா அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள். விசாலம் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஒங் கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. கையிதான் அறிவு கெட்ட கையி" என்றார் ஜமால்.

இருமல் அடங்கியதும் குழந்தைவேலு மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். "ரெண்டு வருசமா ஒன்னைய மனசுக்குள்ள திட்டிக்கிட்டு கெடந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாய்விட்டுத் திட்டிருக்கலாம்ல. இந்தச் சில்லு அன்னைக்கே வெளிய வந்திருக்கும்." அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தூக்கிச் சுமந்த சிமெண்டு மூட்டையை இறக்கிவைத்தபின் கை தானாக மேலே போகுமே, அப்படி அவள் உடம்பு லேசாகிவிட்டது.

"ஒரு படம் இருக்கா?" என்றார் குழந்தைவேலு.

ஜமால் கேமராவின் மேலே இருந்த எண்ணைப் பார்த்தார். "இருக்கு."

"இவள எடுக்கணும்."

ஜமால் பையைத் துழாவிச் சின்ன டப்பாவை எடுத்தார். கேமராவோடு வந்த பழைய சில்லு அதில் இருந்தது. "என்னோட வட்டத்தப் போடுறேன். கை நடுங்குது ஒனக்கு. ரெண்டு பாதியும் சேந்துச்சுன்னா போதும், சுலுவா இருக்கும்."

"வேணாம். என்னோடதையே திருப்பிப் போடு."

"மாப்ள, இந்த நேரத்துலயுமா வம்பு?"

"வட்டத்தப் போட்டா வட்டம் பாத்ததாப் போயிரும்" என்றார் குழந்தைவேலு. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "கண்ணு பாக்கட்டும். அவளுக்குத் தெரியணும்ல."

ஜமால் கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். அராவிய சில்லை ஊதித் துடைத்து, சொரசொரப்பைக் கீழே வைத்துப் பொருத்தினார். விசாலமும் அவருமாகக் குழந்தைவேலுவைத் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்தார்கள். சந்திரலேகா ஸ்டூலுக்கு அந்தப் பக்கம், சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முந்தியை இழுத்துவிட்டுக்கொண்டாள். தலைவாரவில்லை. "பரவாயில்ல" என்றார் அவர், கேட்காமலேயே.

ஜமால் கேமராவின் பாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். குழந்தைவேலு வலது கண்ணை வைத்தார், இடது கையை வளையத்தில் வைத்தார். வளையம் அங்குமிங்கும் போயிற்று. தாண்டிப் போய்த் திரும்பியது. சந்திரலேகாவுக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே ஒரு கண்ணாடியும் அதற்குமேல் நரைத்த புருவமும்தான். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு நேரம் தன்னைப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

"இப்ப" என்றார்.

ஜமாலின் விரல் அமுக்கியது.

படுக்கவைத்ததும் பஞ்சை வாங்கி உறிஞ்சினார். தூங்கப் போகிறேன் என்றார். மதியம் ஜமால் தொழுகைக்குப் போய்விட்டு வந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஒரு இடைவெளிக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு போகிற நேரம். சந்திரலேகா இன்னும் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு, அவர் கண்களை, முதலில் வலது கண்ணை, மூடிவிட்டாள்.

விசாலம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சந்திரலேகாவும் அழுதாள். ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு அப்பாடா இருந்தது. மாதக்கணக்காக வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. அவர் சிரித்துவிட்டுப் போனார். தன்னைத் திட்டிக்கொண்டு போகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "எப்பிடித் தாங்கப் போறியோ" என்று கட்டிக்கொண்டபோது, தாங்க முடியாததை நேற்றுவரை தாங்கியாகிவிட்டது என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் யாருக்குப் புரியும்?

மறுநாள் சங்கு ஊதி எடுத்தபோது, இரவு வந்து சேர்ந்திருந்த சிவபிரகாஷுக்குப் பின்னால் ஜமால் முகம்மதுவும் தோள் கொடுத்தார். தெருமுனைவரை போன பெண்கள் திரும்பி நடக்கும்போது விசாலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னைக்கு ஓணான்னு சொன்னத மனசுல வச்சுக்காதீக மதினி."

"அதெல்லாம் போச்சு" என்றாள் சந்திரலேகா.

முழுவதும் போகவில்லை. ஒரு முள் மிச்சம் இருந்தது. சில்லு தலைகீழாக இருந்தது உண்மைதான். ஆனால் கண்ணும் கெட்டிருந்தால்? நடுங்குகிற கை, மூச்சில்லாத உடம்பு, வட்டம் வேண்டாம் என்ற வீம்பு. படம் மங்கி வந்தால் எதனால் என்று இனி யாரிடம் கேட்பது? சுடுகாட்டிலிருந்து திரும்பி வாசலில் நின்ற ஜமாலிடம் அவள் கேட்டேவிட்டாள்: "நீங்க வளையத்த லேசாத் திருப்பி விட்டீகளாண்ணே?"

"தொடல தங்கச்சி. அல்லா மேல ஆணையா தொடல. பொத்தான மட்டுந்தான் அமுக்குனேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்திலும் அதே பயம் இருந்தது.

ஃபிலிமைக் கழுவ மதுரைக்கு அனுப்பினார்கள். கருமாதியன்று பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் ஜமால் வந்தார். கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்திருந்தார். "நான் பாக்கல. நீயே பாரு" என்று கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலே இருந்தவை எல்லாம் நிக்காஹ் படங்கள். கலங்கல் முகங்கள், தெளிவான தட்டுகள். சந்திரலேகா ஒவ்வொன்றாக அடியில் தள்ளினாள். கடைசிப் படம் வந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தை ஜமாலிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி, மாட்டி, பார்த்தார். வாரப்படாத தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது. மூக்குத்திக் கல் தெரிந்தது. சின்ன வயதில் அம்மை போட்டு வந்த, அவளே மறந்துவிட்ட தழும்பு நெற்றியோரத்தில் தெரிந்தது.

விசாலம் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "அய்யோ, மதினி நல்லா விழுந்திருக்கீக. ஆனா முன்னாடி ஸ்டூல்ல இருக்க டம்ளரு மங்கிப் போச்சே. அண்ணனுக்குக் கை ஆடிருச்சோ?"

"இல்ல விசாலம். அது மங்கத்தான் செய்யணும்."

சந்திரலேகா படத்தை வாங்கிச் சாமி அலமாரியில் சாய்த்துவைத்தாள். அடுப்படிக்குள் போனாள். அலம்பிக் கவிழ்த்து வைத்திருந்த அந்த டம்ளரை எடுத்து, ஜமாலுக்குக் காப்பி ஆற்றினாள்.